எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு நின்று, இரயில்வேயில் எழுத்தராய்க் காலங்கழிப்பவர். அவர்கள் துறையில் நாம் புகுவது முறையன்று. ஆதலின், ஸ்ரீராம்புரத்து இளைஞர்களுக்குப் பிழைப்பும் பெருமையும் ஒருங்கே தரவல்ல ஒரு தொழிலைப் பற்றி மட்டும் பேச விடை கேட்டோம். செயலாளர் அவர்களும் மனமுவந்து இசைந்தார்கள்.

அத்தொழில் யாது? பல மொழியினர், பல மதத்தினர், பல சாதியினர், ஆடவர், பெண்டிர், உடற்குறை உடையோர் ஆகிய அனைவரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் இடத்தில், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவும், எவரும் ஒதுக்கப்படாதிருக்கவும் வழி கற்பிக்கும் தொழில். பெங்களூருவின் பெரிய நிறுவனங்களில் இதனை 'டைவர்சிட்டி' என்றும் 'இன்க்ளூஷன்' என்றும் வழங்குவர். நாம் இதனைப் பண்பாட்டு இணக்கப் பயிற்சி என்று அழைப்போம்.

"இஃதென்ன புதுமை! இதற்கும் ஒரு சம்பளமா?" என்று பின்வரிசைப் பெரியவர் புன்னகை செய்கிறார். அவர் புன்னகையிலும் நியாயம் உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் பின்னி ஆலைக்கும் மினர்வா ஆலைக்கும் வேலை தேடி வந்த நம் முன்னோர், சம்பளம் எதுவுமின்றியே இத்தொழிலைச் செய்தனர். வீட்டில் தமிழும், தறி முன்னே கன்னடமும், பக்கத்து வீட்டாரிடம் தெலுங்கும், கடைத்தெருவில் உருதும் பேசினர். நான்கு மொழியும் அவர்தம் நாவில் நடமாடின. ஆயினும் அதை ஒரு கலை என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களும் அதனைத் தம் மக்களுக்கு முறையாகக் கற்பிக்கவில்லை.

மேனாட்டிலோ அதனை ஒரு பாடமாக்கினர். எட்வர்டு ஹால் என்னும் மானிடவியலறிஞர் 1950-களின் முற்பகுதியில், வெளிநாடு செல்லும் அமெரிக்க அரசு அலுவலர்க்கு இப்பயிற்சியை அளித்தார். மொழியைக் கற்றுச் சென்ற அலுவலரும் அயல்நாட்டில் இடறி விழுவதைக் கண்டு, காலத்தைக் கருதும் முறை, இருவர் பேசும்போது இடையே விடும் தூரம் ஆகியவையும் ஒருவகை மொழியே என்று எடுத்துரைத்தார். 'தி சைலன்ட் லாங்குவேஜ்' என்னும் அவரது நூல் 1959-இல் வெளிவந்தது. 1964-இல் அமெரிக்கக் குடிசார் உரிமைச் சட்டம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வேலையில் வேற்றுமை செய்தலைத் தடுத்தது. அதன்பின் நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு இத்தகைய வகுப்புகளை நடத்தத் தொடங்கின. மென்பொருள் தொழில் பெங்களூருவில் வேரூன்றியபோது, அவ்வகுப்புகளும் உடன் வந்து சேர்ந்தன.

நம் நாட்டிலும் சட்டம் இத்தொழிலுக்கு இடம் வகுத்திருக்கிறது. 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் அளித்த தீர்ப்பை அடியொற்றி, 2013-இல் பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பத்துப்பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் உட்குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும். ஊழியர்க்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும் என்பன அதன் விதிகள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறன் வகைகளை 7-இலிருந்து 21-ஆக உயர்த்தி, அரசுப் பணியில் அவர்தம் ஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், திருநர் பற்றிய குறைகளைக் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அலுவலரை அமர்த்தச் சொல்கிறது. இவ்விதிகளை ஊழியர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க ஆள் வேண்டும். கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்த இளைஞரைத் தேடி வெளியூர் செல்ல வேண்டுமா? ஸ்ரீராம்புரத்துச் சந்துகளிலேயே கிடைப்பர்!

ஆயினும், பல மொழி பேசுவதொன்றே இத்தொழிலுக்குப் போதுமா? போதாது. காரணத்தை இரண்டு நிகழ்ச்சிகளால் விளக்குவோம்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களை நினைவு கூருங்கள். அஸ்ஸாமில் நிகழ்ந்த கலவரத்தைத் தொடர்ந்து, பெங்களூருவில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்றொரு வதந்தி கைப்பேசிகள் வழியே பரவிற்று. உணவு விடுதியில் பரிமாறியோரும், அழகு நிலையங்களில் பணி செய்தோரும், காவலாளிகளும், மாணவர்களும் மூட்டை முடிச்சுகளோடு சிட்டி இரயில் நிலையத்திற்கு ஓடிவந்தனர். ஆயிரக்கணக்கானோர் நடைமேடைகளில் நெருக்குண்டு நின்றனர். கௌஹாத்திக்குச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. அஞ்ச வேண்டா என்று மாநில அரசு அவர்களை மன்றாடிற்று. மத்திய அரசு, மொத்தமாய் அனுப்பும் குறுஞ்செய்திகளைப் பதினைந்து நாள் தடுத்து வைத்தது.

இரயில்வே எழுத்தர்களாகிய நாங்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. விழாக்காலக் கூட்டத்தில் இரைச்சல் இருக்கும். அஞ்சி ஓடும் கூட்டத்தில் அமைதியே மிகும். பயணச்சீட்டுக்காக நீட்டிய கை நடுங்கும். அவர்கள் இந்நகரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். அவர்கள் கையால் நகரம் உண்டது. அவர்கள் காவலில் நகரம் உறங்கியது. ஆயினும், "இச்செய்தி பொய், நாங்கள் இருக்கிறோம், எங்கள் வீட்டிற்கு வாருங்கள்" என்று சொல்லக்கூடிய அண்டை வீட்டார் அவர்களுட் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. பழக்கம் இல்லாத இடத்தில்தான் வதந்தி குடிபுகும்.

மற்றொரு நிகழ்ச்சி நம் மார்பையே தொடுவது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளிவந்த 1991 டிசம்பரில், பெங்களூருத் தமிழர் அனுபவித்த துயரத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். 2016 செப்டம்பர் 12-ஆம் நாளும் இந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஊர்திகள் எரிந்தன. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் கன்னடர் கடைகளும் உடல்களும் தாக்குண்டன என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. ஒரு பக்கத்துக் காயத்தை மட்டும் எண்ணுவோர் இத்தொழிலுக்கு உதவார்.

இனி, இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா! பயிற்சி வகுப்பு நடத்தினால் இவையெல்லாம் தீர்ந்துவிடுமா?" நல்ல கேள்வி. இதற்கு விடையை ஆராய்ச்சியாளரே கூறியிருக்கின்றனர். 2006-ஆம் ஆண்டில் அலெக்சாண்டிரா காலேவ், பிராங்க் டாபின், எரின் கெல்லி என்னும் மூன்று சமூகவியலறிஞர், அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களில் 1971 முதல் 2002 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மேலாளர்களின் மனக்கோட்டத்தைத் திருத்த நடத்திய வகுப்புகளால் விளைந்த பயன் மிகக் குறைவு என்று கண்டனர். 'இதனைச் செய்து முடிப்பது இன்னாரின் பொறுப்பு' என்று ஓர் ஆளையோ குழுவையோ அமர்த்திய நிறுவனங்களில்தான் பெண்களும் கறுப்பினத்தவரும் மேற்பதவிகளில் மிகுதியாக இடம்பெற்றனர். அத்தகைய பொறுப்பாளர் இருந்த இடத்தில் வகுப்புகளுக்கும் பயன் கூடிற்று.

இதனை அறிய இரயில்வே ஊழியர்க்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு வண்டி குறித்த நேரத்தில் புறப்படுவது, நேரந்தவறாமையின் மாண்பைப் பற்றி நிலைய அதிகாரி சொற்பொழிவு ஆற்றியதனால் அன்று. கால அட்டவணை இருக்கிறது, கைகாட்டி இருக்கிறது, இன்ன வேலைக்கு இன்னார் என்ற விதி இருக்கிறது, தாமதமானால் காரணம் எழுதப் பதிவேடு இருக்கிறது. நல்லெண்ணமும் அப்படியே. அதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஒரு பதிவேடு வேண்டும். அவை இல்லாத நல்லெண்ணம் ஆண்டு விழாவன்று கைதட்டல் பெற்று, மறுநாள் பந்தலோடு பிரிக்கப்பட்டுவிடும்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192-ஆம் பாட்டை முழங்காத தமிழ் மேடை உண்டா? நாமும் முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீடு செல்கிறோம். நம் தெருவில் புதிதாய்க் குடிவந்த ஒடிசாக் கட்டடத் தொழிலாளியின் பெயர் நம்மில் எத்தனைபேர்க்குத் தெரியும்? பாட்டைப் பாடுவது எளிது. பெயரைக் கேட்டு அறிவதுதான் வேலை.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் அலுவலகங்களில் இத்திட்டங்களை நிறுத்தும்படி ஆணையிட்டது. அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் சிலவும் இத்துறையைச் சுருக்கிக்கொண்டன. "அப்படியாயின் இஃது அழியும் தொழிலன்றோ?" என்று ஐயுற வேண்டா. நாம் முன்னர்ச் சொன்ன மூன்று சட்டங்களும் நம் நாட்டுச் சட்டங்கள். அதனினும் மேலாக, பெங்களூருவில் பல மொழியினர் கூடி வாழ்வது எவருடைய ஆணையாலும் வந்ததன்று; எவருடைய ஆணையாலும் போவதுமன்று. பெயர் மாறலாம், தேவை மாறாது.

இத்தொழிலை விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறும் முதல் அறிவுரை ஒன்றே: கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்! பேச்சுக் கன்னடம் நம்மவர்க்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துக் கன்னடமோ பலர்க்கு எட்டாக்கனி. ஒரு நிறுவனத்தின் ஆணையை, அரசின் அறிவிப்பை, காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவைப் படிக்க இயலாதவர், இருதரப்பார்க்கும் நடுவே நிற்பது எங்ஙனம்?

அது கடினமும் அன்று. கன்னடமும் தமிழும் உடன்பிறந்தவை. தமிழின் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாக நிற்கும். நம் பால் அங்கே ஹாலு. நம் பல் அங்கே ஹல்லு. நம் புலி அங்கே ஹுலி. நம் 'போ' அங்கே 'ஹோகு'. இவ்வொரு திறவுகோலால் எத்தனையோ கதவுகள் திறக்கும். வேறுபாடும் உண்டு. ஒரே ககரத்தை எழுதி நாம் பலவாறு ஒலிக்கிறோம். அவர்களோ ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கின்றனர்.

இவ்வேறுபாட்டால் விளையும் வேடிக்கை ஒன்று கேளுங்கள். கன்னட இல்லத்தரசி வாயிலில் நின்று, முகமலர்ச்சியோடு, "பன்னி, பன்னி" என்பார். 'வாருங்கள், வாருங்கள்' என்று மரியாதையோடு வரவேற்கும் சொல் அது. ஊரிலிருந்து புதிதாய் வந்த நம் தமிழரோ, விலங்கின் பெயரால் தம்மை ஏசுவதாக எண்ணி முகஞ்சுளிப்பார்! (அவையில் சிரிப்பு.) சிரிக்கிறோம், சிரிக்க வேண்டியதே. ஆனால் அவ்விடத்தில் இரு மொழியும் அறிந்த ஒருவர் இல்லையேல், ஒருவர் தந்த அன்பு மற்றவர் காதில் வசையாய் விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நிற்பதே இத்தொழில்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். ஆயினும் கன்னடச் சிறுகதையின் தந்தையெனப் போற்றப்பெற்று, 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் புதினத்திற்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருதைக் கன்னடத்திற்கு ஈட்டித் தந்தார். மைசூருவில் 1929-இல் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஏ. கே. இராமானுசன், குறுந்தொகைப் பாடல்களை 1967-இலும், கன்னட வீரசைவரின் வசனங்களை 1973-இலும் ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தார். ஒரு மொழியைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றியவர் அல்லர் இவர். இரண்டையும் இரு கைகளால் ஏந்தியவர்.

முறையான பயிற்சிக்கும் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1969 சூலை 17-ஆம் நாள் மைசூருவில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. அதன் மண்டல மொழி மையங்கள், மாநில அரசுகள் அனுப்பும் ஆசிரியர்க்குப் பிறிதொரு மாநிலத்தின் மொழியைப் பத்துத் திங்கள் கற்பித்து, அவர்கள் தம் பள்ளிக்குத் திரும்பி அம்மொழியைப் பிறர்க்குக் கற்பிக்கும்படி ஆக்கும் பணியை மேற்கொண்டன. மைசூருவிலுள்ள தென்மண்டல மையம் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கையும் கற்பித்து வந்திருக்கிறது. ஒருநாள் வகுப்பாலன்று, பத்துத் திங்கள் உழைப்பால் அயலாரை அறியலாம் என்னும் கொள்கை நம் கருத்துக்கு அரணாக நிற்கிறது.

எழுத்துக்கு அடுத்து வேண்டுவது சட்ட அறிவு. அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெற வசதி செய்யச் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த பிரிவு அது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. உரிமை இன்னதென்று அறியாதவர் பிறர் உரிமையைக் காக்க இயலாது.

மூன்றாவதாக வேண்டுவது, தன் வீட்டையே முதலில் நோக்கும் துணிவு. மொழியால் நாம் ஒதுக்கப்படும்போது கொதிக்கிறோம். சாதியால் ஒருவர் ஒதுக்கப்படும்போது? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம், ஊர் எது, உண்பது எது என்று சுற்றிவளைத்துக் கேட்பது எதற்காக என்பது எவர்க்குத்தான் தெரியாது? இவ்விழாவின் நாற்காலிகளை அடுக்கி, விருந்துக்கு இலை போட்ட தாய்மார்கள் செயற்குழுவில் அமர்வது எப்போது? சக்கர நாற்காலியில் வருபவர் இம்மேடை ஏற வழியுண்டா? வெளியார்க்கு இணக்கம் கற்பிக்கப் புறப்படும் இளைஞரை நோக்கி உலகம் கேட்கும் முதல் வினா, 'உங்கள் சங்கத்தில் எப்படி?' என்பதே. அவ்வினாவிற்கு அவர் தலைநிமிர்ந்து விடை கூற வேண்டும். அதற்கு நாம்தான் வழிசெய்ய வேண்டும்.

ஆதலின், பேச்சோடு நில்லாது, செயற்குழுவின் திருமுன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வாரம் இருமுறை மாலையில், நம் சங்க அறையில் கன்னட எழுத்து வகுப்பு. அக்கம்பக்கத்துக் கன்னட ஆசிரியர் ஒருவரை உரிய ஊதியம் தந்து அழைப்போம். சிறுவர் மட்டுமன்று; நரைத்த தலையினரும் பலகை பிடிக்கலாம்.

இரண்டாவது, விரும்பும் கன்னட அன்பர்க்குத் தமிழ்ப் பேச்சு வகுப்பு. அதனை நம் மாணவர்களே நடத்தட்டும். கற்பிக்கும்போதுதான் இத்தொழிலின் அரிச்சுவடி அவர்களுக்குப் புலனாகும்.

மூன்றாவது, நம் பகுதிக்குப் புதிதாய் வருவோர், அவர் எம்மொழியினராயினும், சென்று கண்டு பெயர் கேட்டு வரவேற்க ஒரு பொறுப்பாளர். பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே, குடும்ப அட்டைக்கு எங்கே செல்வது என்பவற்றை அவர் எடுத்துச் சொல்லட்டும். 2014 மார்ச்சு முதல் நாள் தொட்டு மெட்ரோ வண்டியும் நம் ஸ்ரீராம்புரத்தில் நின்று செல்கிறது. நாள்தோறும் புதியவர் இறங்குகின்றனர். அவர்களை வரவேற்க நடைமேடையில் ஒலிபெருக்கி இருக்கிறது; தெருவில் ஒரு மனிதர் இருக்க வேண்டாவா?

நான்காவது, ஒரு பதிவேடு. மேற்சொன்னவற்றுள் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று திங்கள்தோறும் எழுதி, அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் படிக்க வேண்டும். அப்பதிவேட்டை எழுதும் பணியை எழுத்தர் நமக்கே தாருங்கள்; கற்ற தொழில் அது ஒன்றுதான்!

அன்பர்களே! அலசூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-இல் நிறுவப்பெற்றும், பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கே நாட்களில், ஆகஸ்டு 13-ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. பதினெட்டு ஆண்டு முழக்கத்தால் அகலாத திரை, இரு அரசுகளும் ஒன்றையொன்று நோக்கி ஓரடி எடுத்து வைத்தபோது அகன்றது. வள்ளுவரைப் பெங்களூருவிலும் சர்வக்ஞரைச் சென்னையிலும் நிற்க வைத்தவர் யாரென்று கேட்டால் அமைச்சர் பெயர்களைச் சொல்வோம். அவ்விருவரையும் அவ்வவ்வூரார் படிக்கும்படி செய்பவர் யார்? அந்த வேலைக்கு இன்னும் ஆள் தேவை. அந்த ஆள் ஸ்ரீராம்புரத்திலிருந்து புறப்படட்டும்.

கன்னட வகுப்பிற்குப் பெயர் தர விரும்புவோர், விருந்து உண்டபின் நுழைவாயிலருகே உள்ள மேசைக்கு வருக. பேனாவும் ஏடும் அங்கே காத்திருக்கின்றன.